ஸஹ்ராவின் சார்ஜ் ஷீட்

பொன்மலையில் ஒருவர்மீது ஒருவருக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டார்கள், கைநீட்ட மாட்டார்கள். சார்ஜ் ஷீட் கொடுப்பார்கள். காலமெல்லாம் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்த கை, ரிட்டையர் ஆன பிறகும் சும்மா இருக்காது. எங்கள் தெருவில் தண்ணீர்த் தொட்டி மோட்டாரை நிறுத்த மறந்தவருக்குச் சார்ஜ் ஷீட் போயிருக்கிறது. பிள்ளையார் கோயில் சுண்டலில் உப்புக் குறைந்ததற்கு என்கொயரியே நடந்திருக்கிறது. சுண்டல் செய்தவர் சார்பில் வாதாடி அவரை விடுவித்தது நான்தான்.

என் பெயர் ராக்கம்மாள். ஒர்க்‌ஷாப் அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள். யூனியனில் எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ரயில்வேயில் ஒரு தொழிலாளிமேல் குற்றச்சாட்டு வந்தால், கூட ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு விசாரணைக்குப் போகலாம். டிஃபென்ஸ் கவுன்சல் என்பார்கள். அந்தத் துணை நான். சட்டம் படித்ததில்லை. வாய் இருக்கிறது, கோபம் இருக்கிறது, அதை வைத்தே ஓட்டிவிட்டேன்.

ஆகவே ஒரு சாயங்காலம், தலையில் ஸ்கார்ஃபும் காலில் ஷூவுமாக நெட்டையாக ஒரு பெண் வாசலில் வந்து நின்று, கையில் ஒரு காகிதத்தை நீட்டியபோது நான் ஆச்சரியப்படவில்லை. "ஆன்ட்டி, எனக்குச் சார்ஜ் ஷீட் குடுத்துட்டாங்க" என்றாள்.

அவள்தான் ஸஹ்ரா. பாலக்கரைப் பெண். அப்பா முஜிபுர் ரஹ்மானுக்குச் சிங்காரத்தோப்பில் பேக் கடை. எங்கள் காலனி மகளிர் கூடைப்பந்து கழகத்தில் அவள்தான் நட்சத்திரம் என்று ஊரே சொல்லும். நான் ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. கூடைப்பந்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்தக் கூடைக்கு அடி கிடையாது என்பது மட்டும்தான்.

காகிதத்தில் எழுதியிருந்தது இதுதான்: 'மேற்படி ஆட்டக்காரர் அரையிறுதி ஆட்டத்தில், தன் கைக்கு வந்த பந்தைச் சக ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்காமல் தானே கூடையில் போட்டுச் சுயநலமாக நடந்துகொண்டார்.' கீழே கழகச் செயலாளர் பிச்சமுத்துவின் கையெழுத்து.

"அந்த ஆட்டம் என்னாச்சு?" என்று கேட்டேன்.

"ஜெயிச்சிட்டோம் ஆன்ட்டி."

"ஜெயிச்சதுக்கா சார்ஜ் ஷீட்டு?"

"ஜெயிச்சது வேற, நடத்தை வேறன்னு சொல்றாரு."

எனக்கு அப்போதே சுள்ளென்று ஏறிவிட்டது. ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை லால்குடி அணியோடு இறுதி ஆட்டம். ரயில்வே பெண்கள் அணிக்கு ஆள் எடுக்கச் சென்னையிலிருந்து இரண்டு தேர்வாளர்கள் அதைப் பார்க்க வருகிறார்கள். எடுத்தால் வேலை. குற்றம் நிரூபணமானால் ஸஹ்ரா பெஞ்சில்தான் உட்கார வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவளை யார் எடுப்பார்கள்?

"இந்த வருஷம் பார்க்கலாம், இல்லேன்னா கடைக்கு வந்துடுன்னு அத்தா சொல்லிட்டாங்க ஆன்ட்டி. கடைன்னா எனக்குக் கேவலம்லாம் இல்ல. ஆனா ஒக்காந்தே இருக்கணும். என்னால ஒக்கார முடியாது" என்றாள். சொல்லும்போதே நின்ற இடத்தில் நிற்காமல் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தாள். இந்தப் பெண்ணைக் கல்லாவில் உட்காரவைத்தால் கடை தாங்காது என்று எனக்குத் தோன்றியது. கேஸை எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் பயிற்சியைப் பார்க்கப் போனேன். கோச் பிரிட்டோ எனக்கு ஒரு நாற்காலி போட்டார். நல்ல மனிதர். யாரையும் பகைத்துக்கொள்ள மாட்டார், அதனாலேயே யாருக்கும் உபயோகப்பட மாட்டார். மைதானத்தை ஒட்டிய சிமெண்ட் படியில் ஆட்டக்காரிகளின் அப்பாக்கள் வரிசையாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் பிச்சமுத்து. அவர் மகள் இளவேனிலும் ஆட்டத்தில் இருந்தாள்.

ஐந்து நிமிஷம் பார்த்தேன். ஸஹ்ரா ஒருத்தியிடம் பந்தைக் கொடுப்பாள். அவள் அதை அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் மாதிரி வாங்கி, உடனே ஸஹ்ராவிடமே திருப்பித் தள்ளிவிடுவாள். இன்னொருத்தியைப் பார்ப்பாள் ஸஹ்ரா. அவள் அந்த நேரம் பார்த்து ஷூ லேஸ் கட்டுவாள். மூன்றாமவள் கொண்டையை அவிழ்த்து முடிவாள். இளவேனில் பந்தையே பார்க்கவில்லை. படியில் உட்கார்ந்திருந்த அவள் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அந்தப் பக்கம் திரும்பி அப்பாக்களையும் கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினேன்.

விசாரணை அதிகாரியாகப் பராங்குசன் சாரை நியமித்திருந்தார்கள். ஸ்ரீரங்கம் உத்தர வீதிக்காரர். ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். பொன்மலை வம்புதும்பு எதிலும் சேராதவர் என்பதால் அவரைப் பிடித்து வந்திருந்தார்கள். நெற்றியில் ஸ்ரீசூர்ணம் பளிச்சென்று, கழக அறையின் கேரம் போர்டைக் கவிழ்த்துப் போட்டு அதன் பின்னால் நீதிபதி கணக்காக உட்கார்ந்தார்.

முதல் சாட்சி பிரிட்டோ. நான் கேட்டேன்: "நீங்கதான கோச்சு? பந்தைப் பாஸ் பண்ணச் சொன்னீங்களா?"

"பொதுவா சொல்லுவேங்க."

"அன்னிக்குச் சொன்னீங்களா?"

"அன்னிக்கு ஜெயிச்சிட்டு இருந்தோமுங்க. எதுக்கு நடுவுல தொந்தரவுன்னு விட்டுட்டேன்."

"அப்ப அவ பண்ணது சரியா தப்பா?"

"சரியாவும் இருக்கலாங்க. பிச்சமுத்து சார் சொல்றதும் நியாயந்தாங்க." இப்படிச் சொல்லிவிட்டு இரண்டு பக்கமும் கும்பிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார்.

அடுத்து நான் நற்சாட்சியாக முஜிபுர் ரஹ்மானை அழைத்தேன். இதுதான் நான் செய்த முட்டாள்தனம். பிச்சமுத்து எழுந்து, குரலைத் தேனாக்கிக்கொண்டு கேட்டார்: "பாய், உங்க பொண்ணு வீட்டுல எல்லாத்தையும் பகிர்ந்துப்பாளா?"

"தங்கமான புள்ள சார். ஃபோனைக் குடுப்பா, வண்டியக் குடுப்பா. பெருநாளைக்கு எடுத்த துணியக்கூடத் தங்கச்சிக்குக் குடுத்துட்டா."

"எல்லாத்தையும் குடுத்துருவா. அப்படித்தான?"

முஜிபுர் ரஹ்மான் பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்பதை நான் முன்பே விசாரித்திருக்க வேண்டும். "எல்லாம்னா... பிரியாணில முட்டைய மட்டும் தர மாட்டா சார். சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். அவ தம்பி அழுது பொரண்டாக்கூட அசைய மாட்டா."

அறையில் 'ஆ' என்று ஒரு சத்தம் எழுந்தது. பிச்சமுத்து வெற்றிக் களையோடு, "முட்டையவே குடுக்காதவ பந்தையா குடுப்பா? பதிவு பண்ணிக்கணும் சார்" என்றார். பராங்குசன் சார் ஆசாரம் கருதி, 'மேற்படி உணவுப்பொருளைத் தருவதில்லை' என்று எழுதிக்கொண்டார். ஸஹ்ரா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அவள் அப்பாவைக் கேரம் போர்டு ஸ்ட்ரைக்கரால் அடிக்கலாம் போல இருந்தது.

பராங்குசன் சார் தொண்டையைக் கனைத்தார். "ராக்கம்மா, அடியேனுக்குத் தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன். சந்நிதில கோஷ்டிக்குத் தீர்த்தம் சாதிக்கறச்சே, சாதிக்கறவரே எல்லாத்தையும் பருகிட்டா, நிக்கறவா கதி என்ன? எல்லார்க்கும் சேரணுமோல்லியோ?"

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் காத்திருந்தேன். "சரியாச் சொன்னீங்க சார். ஆனா கை நீட்டாதவங்களுக்குத் தீர்த்தம் ஊத்துவாங்களா?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். நான் அடுத்த அடியைப் போட்டேன். "நீங்க ஸ்டேஷன் மாஸ்டரா இருந்தவரு. அடுத்த ஸ்டேஷன்லேர்ந்து லைன் கிளியர் வராம வண்டிய அனுப்பியிருக்கீங்களா?"

"சிவசிவா" என்று ஒரு வைஷ்ணவர் சொல்லமாட்டார். ஆனால் அதற்குச் சமமான ஒரு நடுக்கம் அவர் உடம்பில் ஓடியது. "ஒரு தரம்கூட இல்லை! மந்திரியோட ஸ்பெஷல் வண்டியையே நிறுத்தி வெச்சவன் நான். வாங்கிக்கறவன் 'வரலாம்'னு சொல்லாம வண்டியை விட்டா, அது மகாபாதகம்!"

"அந்தப் பந்துதான் சார் வண்டி. மத்த நாலு பொண்ணுங்களும் நாலு ஸ்டேஷன். லைன் கிளியர் யாரு குடுத்தாங்கன்னு நேர்ல போயி பார்த்துடுவோம். ரயில் தடம் புரண்டா சம்பவ எடத்தைப் பார்க்காம யாராவது தீர்ப்புச் சொல்லுவாங்களா?"

பராங்குசன் சார் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு விட்டார்.

மைதானத்தில் அரையிறுதியின் கடைசிக் கட்டத்தை அப்படியே நடத்திக் காட்டச் சொன்னேன். எதிரணிக்கு ஆள் இல்லாததால் அந்த இடங்களில் அப்பாக்களை நிறுத்தினேன். தொப்பையும் கண்ணாடியுமாக அவர்கள் கையை விரித்து நின்ற காட்சி பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். பிச்சமுத்துவை மட்டும், அன்றைக்கு உட்கார்ந்திருந்த மாதிரியே படியில் உட்காரச் சொன்னேன்.

"ஸஹ்ரா, இப்ப பந்தை இளவேனிலுக்குக் குடு" என்றேன்.

பந்து போனது. அது இளவேனிலின் கையில் விழுந்ததோ இல்லையோ, படியிலிருந்து பிச்சமுத்து தன்னை மறந்து அலறினார்: "ஐயையோ, நீ போடாத இளவேனிலு! கை நடுங்குது பாரு! அவகிட்டயே குடுத்துத் தொலை!"

பிச்சமுத்து தான் என்ன சொன்னோம் என்று தானே கேட்டுக்கொண்டிருப்பவர் போல வாயைத் திறந்தபடி இருந்தார். இளவேனில் பந்தைப் பழக்கதோஷத்தில் ஸஹ்ராவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"ஏம்மா வாங்க மாட்டேங்கிற?" என்று பராங்குசன் சார் மெதுவாகக் கேட்டார்.

"பயமா இருக்கும் சார். தப்பாப் போட்டுட்டா, வீட்ல சோறு போடறப்ப அதைச் சொல்லுவாங்க. மறுநாள் டிபனுக்கும் அதையே சொல்லுவாங்க. ஸஹ்ராக்காகிட்ட குடுத்துட்டா எந்தப் பேச்சும் கிடையாது" என்றாள் இளவேனில். மற்ற மூன்று பெண்களும் தரையைப் பார்த்தார்கள். அந்தந்த அப்பாக்கள் வானத்தைப் பார்த்தார்கள்.

ஆக, தவறிவிடுமோ என்று பயந்தவர்கள் எல்லாம் பந்தை அவள் தலையில் கட்டிவிட்டு, பிறகு அவளே எல்லாவற்றையும் வைத்துக்கொள்கிறாள் என்று புகாரும் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். பராங்குசன் சார் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

தீர்ப்பு அன்றே வந்தது. ஸஹ்ரா குற்றமற்றவள். ஆனால் பராங்குசன் சாருக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஸ்டேஷன் மாஸ்டரை நான் எழுப்பிவிட்டிருந்தேன். அவர் அத்தோடு விடவில்லை. இனி எந்த ஆட்டக்காரியும் கையை உயர்த்தி 'லைன் கிளியர்' என்று உரக்கச் சொன்னாலொழிய அவளுக்குப் பந்தைக் கொடுக்கக் கூடாது. சொன்னால் கட்டாயம் கொடுத்தே ஆக வேண்டும். பார்வையாளர் பகுதியில் இருப்பவர்கள் சிக்னல் காட்ட அதிகாரம் இல்லாதவர்கள். எனவே அப்பாக்கள் ஆட்டம் முடியும்வரை வாய் திறக்கக் கூடாது. பந்து தவறியதற்காக மகளை வீட்டிலும் திட்டக் கூடாது. இதுதான் உத்தரவு.

ஞாயிற்றுக்கிழமை அண்ணா ஸ்டேடியத்தில் நான் கண்ட காட்சியைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். எங்கள் அப்பாக்கள் வரிசையாகக் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பழக்கத்தை நம்ப முடியாது என்று அவர்களே எடுத்த முடிவு. பிச்சமுத்து கைக்குட்டை போதாமல் ஒரு துண்டையே திணித்திருந்தார். யாரோ கூட்டுப் பல்வலிக்காரர்கள் என்று நினைத்து லால்குடி ரசிகர்கள் தள்ளி உட்கார்ந்துகொண்டார்கள்.

ஆட்டம் தொடங்கியது. ஸஹ்ரா பந்தை வைத்துக்கொண்டு நிற்பாள். எங்கிருந்தோ ஒரு கை தயங்கித் தயங்கி எழும். "லைன் கிளியர்" என்று, வகுப்பில் ஒன்றுக்குப் போக அனுமதி கேட்கிற குரலில் ஒருத்தி சொல்வாள். பந்து போகும். முதல் பாதியில் லால்குடிப் பெண்கள் சிரித்துச் சிரித்தே பல பந்துகளைக் கோட்டைவிட்டார்கள். பிறகு சுதாரித்துக்கொண்டு அவர்களும் எங்கள் பக்கம் பார்த்து "லைன் கிளியர்!" என்று கத்த ஆரம்பித்தார்கள். பராங்குசன் சார் எழுந்து நின்று, "இது பொய்த் தகவல்! கடுங்குற்றம்!" என்று நடுவரிடம் போனார். நடுவருக்கு எந்தச் சட்டத்தில் இது வரும் என்று புரியவில்லை. சென்னைத் தேர்வாளர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஆனால் ஒன்று நடந்தது. அப்பாக்களின் சத்தம் இல்லாத மைதானத்தில் அந்தப் பெண்கள் ஆடினார்கள். ஷூ லேஸ் கட்டியவள் மூன்று கூடை போட்டாள். கொண்டைக்காரி இரண்டு. ஸஹ்ராவைச் சுற்றி எப்போதும் இருவர் நிற்க, அவள் அவர்களை இழுத்துக்கொண்டே ஓடி, கை எழுந்த பக்கமெல்லாம் பந்தை அனுப்பினாள். இளவேனில் மட்டும் கடைசிவரை கையைத் தூக்கவே இல்லை.

கடைசி நிமிஷம். நாங்கள் ஒரே ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். பந்து ஸஹ்ராவிடம். இரண்டு லால்குடிப் பெண்கள் அவளை மறித்தார்கள். அப்படியிருந்தும் அவள் எம்பிப் போட்டால் விழும் என்று எனக்கே தெரிந்தது. அந்த வாரம் முழுக்கப் பயிற்சியில் அவள் அப்படிப் போட்டு நான் பார்த்திருக்கிறேன். அவள் முழங்கால் மடங்கியது.

அப்போது வலது மூலையில் ஒரு கை உயர்ந்தது. "லைன் கிளியர்!" என்று இளவேனில் கத்தினாள். அதுவரை அந்தப் பெண்ணுக்கு அவ்வளவு குரல் உண்டென்று பெற்றவருக்கே தெரிந்திருக்காது.

ஸஹ்ரா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பந்து மூலைக்குப் போனது. இளவேனில் வாங்கினாள், குறி பார்த்தாள், போட்டாள். பந்து வளையத்தில் பட்டு, வளையத்தையே ஒரு சுற்றுச் சுற்றி, வெளியே விழுந்தது. விசில் ஊதிவிட்டார்கள். தோற்றுப்போனோம்.

அப்பாக்களின் வாயிலிருந்து கைக்குட்டைகள் பறந்தன. "ஏன் குடுத்தா? அவளே போட்டிருக்கலாம்ல?" "கையில இருந்த கோப்பையத் தூக்கிக் குடுத்துட்டாளே!" ஒரு வாரத்துக்கு முன்னால் இவர்களே என்ன சொன்னார்கள் என்பது ஒருவருக்கும் நினைவில்லை. தேர்வாளர்களில் ஒருவர் போகிற போக்கில் ஸஹ்ராவிடம், "ஏன்மா குடுத்தே?" என்று கேட்டார். "கேட்டா சார், குடுத்தேன்" என்றாள். அவர் ஒன்றும் சொல்லாமல் காரில் ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் காலை இரண்டாவது சார்ஜ் ஷீட் வந்தது. 'மேற்படி ஆட்டக்காரர், தன் பொறுப்பில் இருந்த பந்தை, அதைக் கூடையில் போடும் திறமை தனக்கு இருந்தும், அஜாக்கிரதையாகப் பிறருக்குக் கொடுத்துக் கழகத்துக்கு இழப்பு ஏற்படுத்தினார்.' பிச்சமுத்துதான் எழுதியிருந்தார். எழுத்து முழுக்கக் கோணல்மாணல். அந்த மனிதர் முதல் நாள் இரவு சோற்றில் கைவைத்திருக்க மாட்டார் என்று நினைத்தேன். மகளைத் திட்டக் கூடாது என்று உத்தரவு, யாரையாவது திட்டாமலும் இருக்க முடியாது. பாவம்தான். ஆனால் எனக்கு அவர்மேல் பாவம் பார்க்க நேரமில்லை.

"இது ஒரு கேஸா!" என்று ஸஹ்ராவிடம் சொன்னேன். "லைன் கிளியர் குடுத்தா பந்தைக் குடுத்தே ஆகணும்னு உத்தரவு இருக்கு. நீ உத்தரவுப்படி நடந்த. போடத் தெரியாதவ லைன் கிளியர் குடுத்தது அவ தப்பு. அஞ்சு நிமிஷத்துல ஒடைச்சிடுவேன்."

"அப்ப அவளுக்குச் சார்ஜ் ஷீட் போவும்ல ஆன்ட்டி?"

"போனா போவட்டும்! உனக்கென்ன?"

ஸஹ்ரா குதிகாலைத் தூக்கி இறக்குவதை நிறுத்திவிட்டாள். "வேணாம் ஆன்ட்டி. அவ முதல் தடவையா கையத் தூக்கினா. இதுக்கு மேல அவளை விசாரிச்சா, ஜென்மத்துக்கும் தூக்க மாட்டா. நான் ஒத்துக்கறேன்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். என் கட்சிக்காரர்களில் ஒர்க்‌ஷாப் ரம்பத்தைத் திருடிக் கையும் களவுமாகப் பிடிபட்டவன்கூடக் குற்றத்தை ஒத்துக்கொண்டதில்லை. "குற்றவாளின்னு ஆயிட்டா அடுத்த வருஷம் டீம்லயே இருக்க மாட்ட. சென்னைக்காரன் வாயே தொறக்காமப் போயிட்டான். கடைல போயி ஒக்காரப் போறியா?" என்று கத்தினேன். அவள் கண் கலங்கியது. ஆனாலும், "ஒக்காந்துக்கறேன் ஆன்ட்டி" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை மறைக்க இன்னும் கொஞ்சம் திட்டினேன்.

அன்று சாயங்காலமே நடந்த விசாரணையில் அவள் எழுந்து நின்று, "ஆமா சார். பாஸ் பண்ணேன். திரும்பவும் பண்ணுவேன்" என்றாள்.

வாழ்நாளில் ஒரு விசாரணையிலும் யாரும் 'ஆமாம்' என்று சொல்லிப் பராங்குசன் சார் கேட்டதில்லை. அடுத்து என்ன எழுதுவது என்று பேனாவைத் திறந்து மூடினார். பிச்சமுத்து பக்கத்தில் இளவேனில் நின்றுகொண்டிருந்தாள். அவள் ஸஹ்ராவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரமாக நின்ற முஜிபுர் ரஹ்மான், இந்தத் தடவை யாரும் தன்னைச் சாட்சிக்குக் கூப்பிடக் கூடாதே என்ற பயத்தில் கதவுக்குப் பின்னால் பாதி மறைந்திருந்தார்.

அப்போதுதான் பிரிட்டோவின் ஃபோன் அடித்தது. அவர் யாரையும் பகைத்துக்கொள்ளாதவர் ஆயிற்றே, எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்.

"சென்னையிலேர்ந்து பேசறேன். நேத்து வந்தோமே. கடைசியில பாஸ் பண்ணிச்சே, அந்தப் பொண்ணை எடுத்துக்கறோம். வர்ற திங்கட்கிழமை அனுப்பிடுங்க. அப்புறம், ஒரு சந்தேகம். அந்த லைன் கிளியர்னா என்ன சார்?"

ஸஹ்ரா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். கதவுக்குப் பின்னாலிருந்து "அல்ஹம்துலில்லாஹ்" என்று ஒரு விசும்பல் கேட்டது.

கழகத்துக்கு இப்போது பெரிய சிக்கல். குற்றத்தை ஒத்துக்கொண்டவளைத் தண்டிக்காமல் விட்டால் கழகத்தின் மரியாதை என்ன ஆவது? தண்டித்தால், ஊர் சிரிக்காதா? கடைசியில் பராங்குசன் சார்தான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கம்பீரமாக வாசித்தார்: "குற்றம் ஒப்புக்கொள்ளப்பட்டது. தண்டனை, இடமாற்றம். ஆட்டக்காரர் ஸஹ்ரா, உடனடியாகச் சென்னைக்கு மாற்றப்படுகிறார்."

எல்லோரும் கை தட்டினார்கள். தண்டனைக்குக் கை தட்டிய விசாரணையை நான் அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, தண்டனை ஒழுங்காக நிறைவேறுகிறதா என்று பார்க்கக் காலனியே ஜங்ஷனுக்கு வந்துவிட்டது. பராங்குசன் சார் பெருமாள் பிரசாதம் கொண்டுவந்தார். முஜிபுர் ரஹ்மான் பிரியாணிப் பொட்டலத்தை மகளிடம் கொடுத்து, அழுதுகொண்டே, "முட்ட ரெண்டு வச்சிருக்கேன்மா" என்றார். பிச்சமுத்து எல்லோருக்கும் பின்னால் நின்றிருந்தார். ஸஹ்ராவைப் பார்த்து என்னவோ சொல்ல வந்து, "தண்ணி பாட்டில் எடுத்துக்கிட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டார். அதற்கு மேல் அந்த மனிதரால் முடியாது.

வண்டி நகர்ந்தது. ஸஹ்ரா பெட்டி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். திடீரென்று பொட்டலத்தைப் பிரித்து, உள்ளே கைவிட்டு, மசாலா ஒட்டிய ஒரு முட்டையை எடுத்து உயர்த்திப் பிடித்தாள். கூட்டத்தில் ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஒருத்திக்குப் புரிந்தது.

"லைன் கிளியர்!" என்று கத்திக்கொண்டே இளவேனில் பிளாட்பாரத்தில் ஓடினாள். ஒரு கை மேலே உயர்ந்திருந்தது.

ஸஹ்ரா வீசினாள். முட்டை இளவேனிலின் விரலில் பட்டு நழுவியது. என் பக்கத்தில் நின்ற பிச்சமுத்துவின் வாய் அகலமாகத் திறந்தது. நான் அவர் பக்கம் திரும்புவதற்குள், அவரே தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயில் திணித்துக்கொண்டார். இளவேனில் இரண்டாவது கையையும் கொடுத்து, முட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துவிட்டாள். பாதி நசுங்கிவிட்டது. அவள் அங்கேயே நின்று அதைத் தின்றாள்.

"முட்டையக் குடுத்துட்டா!" என்று முஜிபுர் ரஹ்மான் பராங்குசன் சாரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "சார், என் சாட்சிய மாத்தி எழுதிக்குங்க சார்."

"எழுதிடலாம் பாய்" என்றார் பராங்குசன் சார். வண்டியின் கடைசிப் பெட்டி கண்ணிலிருந்து மறையும்வரை பிச்சமுத்து துண்டை எடுக்கவில்லை.